மடியில் ஒரு ஆர்கேட்: எட்டு வருடமாக ஒரே ஸ்டிக்

ஆர்கேட் ஸ்டிக் என்றால், காசு போட்டு ஆடும் கேம் மெஷினில் இருக்கிற லீவரையும் பொத்தான்களையும் வீட்டில் ஆட ஒரு பெட்டியில் பொருத்தியது. 2017 நவம்பரில் டோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஸ்டிக்கைக் கட்டினேன். அகிஹாபராவில் சென்கோகு டென்ஷோ என்று ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை உண்டு. ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் விற்கிற இடத்திலேயே ஆர்கேட் மெஷினுக்கான லீவரும் பொத்தானும் வரிசையாகத் தொங்கும். அங்கே வாங்கிய சாமான்கள்தான். இன்று சென்னையில் அதே பெட்டி என் மடியில் இருக்கிறது. எட்டு வருடத்தில் பொத்தான்களை ஒரு முறை மாற்றினேன், லீவரின் சுவிட்ச் செட்டை ஒரு முறை, லீவரும் பொத்தானும் அசைவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற உள் போர்டை ஒரு முறை. லீவரின் எஃகுத் தண்டும் அதன் உடம்பும் அன்றைக்கு வாங்கியவையே.

சண்டை கேம் ஆடுவதற்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயக்கம் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். கூட்டம் எல்லாம் 'முஸ்தபா' மெஷினைச் சுற்றி நிற்கும். அந்த கேமின் நிஜப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடும். ஆறு பொத்தானில் இரண்டு அமுங்காது, லீவர் பல் ஆடுகிற மாதிரி ஆடும். ரியூ என்ற பாத்திரத்தை வைத்து நெருப்புப் பந்து விட வேண்டுமென்றால் லீவரைக் கீழே தள்ளி, மூலையில் உருட்டி, முன்னே கொண்டுபோய்க் குத்துப் பொத்தானை அடிக்க வேண்டும். பத்துக்கு மூன்று தடவை வந்தால் அதிகம். எனக்குக் கை வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

டோக்கியோவில் தகாதனோபாபா ஸ்டேஷன் பக்கம் இருக்கும் மிகாடோ கேம் சென்டருக்குப் போன முதல் நாளே அந்த எண்ணம் போய்விட்டது. அங்கே மெஷின்களை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருப்பார்கள். நம்மோடு மோதுகிறவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், முகம் தெரியாது. நாம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் 100 யென் நாணயத்தைப் போடுகிற சத்தம் கேட்கும், அடுத்த நொடி திரையில் சவால் வந்து நிற்கும். ஜெயித்தவர் இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. தோற்றவர் இன்னொரு நாணயம் போட வேண்டும், இல்லையென்றால் எழுந்து போக வேண்டும். அந்த மெஷினில் எனக்கு நெருப்புப் பந்து பத்துக்கு ஒன்பது தடவை வந்தது. லீவரைச் சுண்டி விட்டால் 'டக்' என்று நடுவில் வந்து நின்றது. முப்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த 'டக்'கை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் ஸ்டிக்கின் கதை. உலகத்தில் நிறையப் பேருடைய கதையும் அதுதான். போட்டிகள் மெஷினில் நடந்த வரைக்கும் வீரர் கையை வீசிக்கொண்டு போனால் போதும். அமெரிக்காவில் 1996-ல் 'பேட்டில் பை தி பே' என்ற பெயரில் தொடங்கிப் பிறகு எவோ என்று ஆன சண்டை கேம் போட்டி, 2004-ல் எல்லா கேம்களையும் மெஷினிலிருந்து, வீட்டு டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு மாற்றியது. அப்போது அதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. ஜப்பானிய வீரர் டைகோ உமேஹாரா, சாகக் கிடந்த தன் பாத்திரம் கென்னை வைத்து, அமெரிக்க வீரர் ஜஸ்டின் வோங்கின் பாத்திரம் சுன்-லி விட்ட சூப்பர் என்ற பெரிய தாக்குதலை, ஒவ்வோர் அடிக்கும் மிகச் சரியான நொடியில் முன்னே தட்டித் தட்டித் தடுத்துக் கடைசியில் ஜெயித்தாரே, அதுவும் அதே 2004 எவோவில்தான். மெஷின் போன பிறகு அவரவர் லீவரை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2009-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக்கு வந்தபோது, ஜப்பானிய மெஷின்களில் இருக்கும் அதே சான்வா கம்பெனி லீவரும் பொத்தானும் போட்ட ஸ்டிக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகுதான் தானே பிரித்துத் தானே மாற்றுகிற பழக்கம் எங்கும் பரவியது.

என் பெட்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பழைய ஸ்டிக்கின் கூடு. உள்ளே இருந்த லீவரைத் தூக்கிவிட்டு சான்வாவின் ஜேஎல்எஃப் லீவரைப் போட்டேன். பொத்தான்கள் 30 மி.மீ. அளவு சான்வா ஓபிஎஸ்எஃப் எட்டு, ஸ்டார்ட்டுக்கும் செலெக்டுக்கும் 24 மி.மீ. இரண்டு. டாய்ட்டோவின் வியூலிக்ஸ் மெஷினில் பொத்தான்கள் விரல் விழுகிற வளைவில் இருக்கும். துளைகள் அதே அமைப்பில் இருக்கிற கூடாகத் தேடி எடுத்தேன். அடியில் இரும்புத் தகடு, நல்ல கனம். இந்தக் கனம் முக்கியம். லேசான பெட்டி ஆவேசமாக ஆடும்போது மடியில் நழுவும்.

முதல் ஒரு மாதம் ஸ்டிக் எனக்கு எதிரியாகவே இருந்தது. இந்தப் பொத்தான்களுக்குக் கனத்த அழுத்தம் வேண்டாம், விரலைச் சும்மா சாய்த்து வைத்தாலே அடித்துவிடும். அதைவிடக் கஷ்டம் லீவரைப் பிடிப்பது. நான் ஊரில் பழகின மாதிரி உருண்டையை மேலிருந்து முஷ்டியால் மூடிப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தேன். மிகாடோவில் வயதான ஒருவர், தினமும் ஒரே ஸ்டூலில் உட்காருகிறவர், என் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் கையைக் காட்டினார். உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி வைத்து, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே தண்டு போகும்படி, ஒயின் கிளாஸை ஏந்துகிற மாதிரி பிடித்திருந்தார். மணிக்கட்டு அசையவே இல்லை, விரல்கள் மட்டும் அசைந்தன. அன்றிலிருந்து எனக்கும் அதே பிடிதான். முன்பு ஒரு மணி நேரம் ஆடினால் முன்னங்கை வலிக்கும். இப்போது வலிப்பதில்லை.

அடுத்தது கேட். லீவருக்கு அடியில், தண்டு எதுவரை போகலாம் என்று தடுத்து நிறுத்துகிற பிளாஸ்டிக் தட்டு அது. ஜேஎல்எஃப் சதுர கேட்டோடு வரும். புதிதாக ஆடுகிற எல்லாருக்கும் சதுரம் பிடிக்காது, மூலைகளில் இடிக்கிறது என்பார்கள். நானும் அப்படிச் சொல்லி 2018-ல் எண்கோண கேட் வாங்கிப் போட்டேன். எட்டுத் திசையிலும் பள்ளம் இருக்கும், கை போய் உட்காரும், முதலில் சொகுசாக இருந்தது. நான்கு மாதம் ஆடினேன். கைல் மாதிரி பாத்திரத்துக்குப் பின்-கீழ் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்கோணத்தில் அந்த மூலை குறுகலானது, பதற்றத்தில் கை ஒரு பள்ளம் தள்ளிப் போய்விடும். சதுரத்தில் மூலைதான் கடைசி, அங்கே தண்டைச் சாய்த்துவிட்டால் வேறெங்கும் போகாது. திரும்பச் சதுரமே போட்டுவிட்டேன். இரண்டு மாதம் பொறுமையாக ஆடிப் பாருங்கள், சுவரில் இடிக்காமல் நடுவிலேயே உருட்டக் கை கற்றுக்கொள்ளும். டெக்கன் என்ற இன்னொரு சண்டை கேம் ஆடுகிறவர்கள் கொரிய லீவரைச் சொல்வார்கள்: ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர், வட்ட கேட். அது தனி உலகம். நான் அதில் அதிகம் ஆடியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை லீவர் 'கிறீச்' என்று முனகும். கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கீழ்த் தகட்டைக் கழற்றி, தண்டின் அடி முனையில் இருக்கும் வெட்டில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேல் உருண்டையைத் திருகினால் கழன்று வரும். கேட்டைக் கிளிப்பிலிருந்து எடுத்தால் நான்கு சுவிட்சும் ஒரே போர்டாக வெளியே வரும். அடுத்து தண்டின் அடியில் ஆங்கில 'ஈ' எழுத்து வடிவில் ஒரு சின்ன கிளிப். இதுதான் ஆபத்து. ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. முதல் முறை நெம்பியபோது பறந்து போய், மறுநாள் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. இப்போதெல்லாம் ஒரு பழைய பனியனால் மூடிக்கொண்டுதான் எடுக்கிறேன். கிளிப் வந்துவிட்டால் ஸ்பிரிங்கும் வளையங்களும் கையோடு வரும். பந்து மூட்டில் கருப்பாக மை மாதிரி படிந்திருக்கும். துணியால் வழித்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத சிலிகான் கிரீஸை மிளகளவு தடவினால் போதும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். மாட்டி முடித்து ஒரு சுண்டு சுண்டினால் அந்த முதல் நாள் 'டக்' திரும்ப வந்திருக்கும். இதுக்காகவே சில சமயம் தேவைக்கு முன்னாலேயே கழற்றிவிடுகிறேன்.

2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது. அதற்கு முந்தைய வருடமே நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். கூட்டோடு வந்த பழைய போர்டைப் புது கம்ப்யூட்டர் ஒரு நாள் கண்டுகொள்ளும், ஒரு நாள் கண்டுகொள்ளாது. ப்ரூக் மாதிரி தயாராகக் கிடைக்கும் போர்டு வாங்கியிருக்கலாம். நான் ராஸ்பெர்ரி பை பைகோ என்ற சின்ன, மலிவான சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கி அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஒயர்களை நானே சால்டர் வைத்தேன்.

அந்த சால்டர் ஒரு வருடம் கழித்து வேலையைக் காட்டியது. கேமில் பின்-கீழ் பிடித்துக் குனிந்து தடுத்துக்கொண்டிருக்கும்போதே காலில் அடி விழ ஆரம்பித்தது. வயதாகிறது, கை தளர்கிறது என்று ஒரு வாரம் வருந்தினேன். பிறகு கேமில் இருக்கும் பயிற்சிப் பகுதியில் லீவர் அசைவுகளைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு திசைக்கும் பக்கத்தில் அது எத்தனை ஃபிரேம் நீடித்தது என்ற எண் வரும். பின்-கீழ் 52, அடுத்து வெறும் பின் 1, மறுபடி பின்-கீழ் 37. நடுவில் அந்த ஒரு ஃபிரேம், நொடியில் அறுபதில் ஒரு பங்கு, 'கீழ்' அறுந்து போகிறது. பெட்டியைத் திறந்து கீழ்த்திசை ஒயரை விரலால் தொட்டால் ஆடியது. டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சால்டர். டிவி மெக்கானிக்குகள் சொல்வார்களே, அதேதான். திரும்ப வைத்தேன், எண் ஒரே கோடாக ஏறியது. ஸ்டிக் வைத்திருப்பவர்கள் தோல்விக்குக் காரணம் தேடும் முன்பு இந்தச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள்.

சத்தம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோவில் தனியாக இருந்தேன், தெரியவில்லை. இங்கே முதல் வாரமே ராத்திரி அம்மா கதவைத் திறந்து, "என்னப்பா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாதிரி சத்தம் கேக்குது?" என்றார். சான்வாவிலேயே சத்தம் குறைந்த பொத்தான் இருக்கிறது, அதை வரவழைத்து எட்டையும் மாற்றினேன். தொடும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும். பழைய பொத்தானின் துல்லியம் அதில் இல்லை. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், அது போதும்.

இப்போது எல்லாரும் கேட்பது லீவர் இல்லாத, வெறும் பொத்தான் பெட்டி பற்றி. திசைக்கும் பொத்தான், குதிக்கக் கட்டைவிரலுக்கு ஒரு பெரிய பொத்தான். டைகோவே அதற்கு மாறிவிட்டார். இடது-வலது இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்று பெரிய வாக்குவாதம் நடந்து, இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும் என்று, ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரிக்கும் கேப்காம் தன் போட்டிகளுக்கு விதி வைத்தது. நண்பர் ஒருவருடைய பெட்டியை மூன்று வாரம் வைத்திருந்தேன். ஓடுவதும் நிற்பதும் லீவரைவிடச் சுத்தமாக வருகிறது, மணிக்கட்டுக்கும் நல்லது. போட்டியில் ஜெயிப்பதுதான் குறி என்றால், இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதையே சொல்வேன். சாதாரண கேம்பேடும் குறைந்ததில்லை. 2014 எவோவில் பிரான்ஸைச் சேர்ந்த லூஃபி முதல் தலைமுறை ப்ளேஸ்டேஷன் பேடை வைத்தே சாம்பியன் ஆனார். லீவர் திறமையைக் கூட்டித் தராது. எனக்கு அதில் ஆடுவது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயது பற்றிய கவலை இருப்பவர்களுக்கு ஒன்று. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவிலிருந்தும் இரண்டு பேர் போனார்கள். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் க்வான்-வூவுக்கு அப்போது வயது 44. அந்த ராத்திரி நான் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, இரண்டு மணி நேரம் நெருப்புப் பந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவர்கள் முதலில் கனமான கூடு பாருங்கள், செகண்ட் ஹேண்ட் போதும். அதில் இருக்கிற லீவரோடே சில மாதம் ஆடுங்கள். பிறகு லீவரை மாற்றுங்கள், அதன் பிறகு பொத்தான், போர்டு கடைசி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதனால் நான் தனித்தனியாக வாங்குவதில்லை, சேர்த்துத்தான் ஆர்டர் போடுகிறேன். மேஜை டிராயரில் இப்போது ஒரு சுவிட்ச் செட், இரண்டு ஸ்பிரிங், நான்கு பொத்தான், ஒரு சின்ன டப்பா நிறைய அந்த 'ஈ' கிளிப்கள் இருக்கின்றன.