பளபளக்கும் எஞ்சினை நம்பாதீர்கள்: வால்வு கவர் பேக்கிங் மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வால்வு கவர் பேக்கிங் மாற்றக் காரைப் பட்டறையில் விடும்போது, "எஞ்சினையும் இலவசமாகக் கழுவித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எதைக் கொண்டு கழுவுவார்கள், கவரைக் கழற்றுவதற்கு முன்பா மாட்டிய பிறகா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். என் காருக்கு நேர்ந்ததை விவரமாகவே எழுதுகிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். இப்படி வேலை செய்வது அந்த ஒரு பட்டறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

தொடக்கத்தில் இருந்த கோளாறு சாதாரணமானது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் கருகும் வாடை உள்ளே வரும். பானெட்டைத் திறந்தால், எஞ்சினிலிருந்து எரிந்த புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் மெல்லிய புகை. ஆயில் குச்சியில் அளவும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் ஹெட்டின் மேல் உட்காரும் மூடிதான் வால்வு கவர். இரண்டுக்கும் இடையே உள்ள ரப்பர் பேக்கிங், ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து நெகிழ்வை இழந்து விறைத்துவிடும். பிறகு ஓரமாக எண்ணெய் கசிந்து, கொதிக்கும் மேனிஃபோல்டில் சொட்டும். பட்டறையிலும் இதைத்தான் சொன்னார்கள். அதுவரை அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை.

பில்லில் புதிய பேக்கிங் செட், ஸ்பார்க் பிளக் குழாய்களுக்கான சீல்கள், கூலி என்று எல்லாம் தனித்தனியாக இருந்தன. வண்டியைக் கொடுக்கும்போது பானெட்டைத் தூக்கிக் காட்டி, "ஷோரூமிலிருந்து வந்ததைப் போல இருக்கிறது பாருங்கள் சார்" என்றார் அந்தப் பட்டறைக்காரர். உண்மைதான். ரப்பர் குழாய்கள்கூட மினுமினுத்தன. கூடவே டீசல் வாடையும் அடித்தது. கேட்டதற்கு, "அழுக்குப் போக லேசாக அடித்தோம், காற்றில் போய்விடும்" என்று பதில் வந்தது.

அதற்கடுத்த காலைகளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் உதற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும், சிமிட்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சிமிட்டுவது பெரும்பாலும் கடுமையான மிஸ்ஃபயருக்கான, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாகப் பற்றி எரியாததற்கான அறிகுறி. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியாகப் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், கன்வெர்ட்டர் பாழாகும். எண்ணெய்க் கசிவை நிறுத்தப் போய் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகத்தை இழக்க நேரும்.

பட்டறையைக் கூப்பிட்டேன். வண்டியைப் பார்க்காமலே, "காயில் போய்விட்டது சார், பழைய வண்டி, நான்கையும் மாற்றிவிடலாம்" என்றார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்தான் காயில். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தீர்களா, எந்த சிலிண்டர் என்றேன். "அனுபவத்தில் தெரியும் சார்." எனக்கு நம்பிக்கை போன இடம் இதுதான். மிஸ்ஃபயர் கோடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. கடைசி எண்ணே சிலிண்டரைச் சொல்லிவிடும். ஒரு கருவியை மாட்டிப் பார்க்கச் சில நிமிடம் போதும், அதைச் செய்யாதவருக்கு நான்கு காயில் விற்க மட்டும் அவசரம்.

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கோடு பி0302. இரண்டாவது சிலிண்டரின் காயிலை உருவியதும் கதை விளங்கிவிட்டது. காயிலின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. பிளக் குழியின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் நிறத்தில் தேங்கியிருந்தது. தண்ணீர் மேலிருந்து வந்தது: பிரஷர் துப்பாக்கியால் அடித்ததில் காயிலின் மேல் விளிம்பைத் தாண்டி இறங்கியிருக்கிறது. எண்ணெய் வால்வு கவருக்குள்ளிருந்து வந்தது. குழாயைச் சுற்றியிருக்கும் சீல் சரியாக இருந்தால் அங்கே எண்ணெய் வரவே கூடாது. பில்லில் மாற்றியதாக எழுதியிருந்த சீல் அது.

என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தே கவரைக் கழற்றினார். உள்ளே இருந்தது அதே பழைய பேக்கிங், விரலால் வளைத்தால் ஒடிந்தது. பிளக் குழாய் சீல்கள் நான்கும் வெடித்த பழையவை. புதிதாகச் சேர்ந்தது சிலிக்கான் பசை ஒன்றே, அதையும் பேக்கிங்கின் சுற்று முழுவதும் தாராளமாகப் பூசியிருந்தார்கள்.

இந்தப் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரிய ஆபத்து இதில்தான். ரப்பர் பேக்கிங் உள்ள பெரும்பாலான எஞ்சின்களில் சிலிக்கான் தேவைப்படுவது சில மூலைகளில்தான்: டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் கோட்டில், கேம் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் முன்பக்க கேம் கேப் ஹெட்டோடு முடியும் மடிப்பில். அங்கே ஒரு சிறு பொட்டு போதும். சுற்று முழுவதும் பூசிக் கவரை இறுக்கினால் வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், உள்ளேயும் அதே அளவு பிதுங்குவது தெரியாது. உள்ளே பிதுங்கியது பிய்ந்து எண்ணெயோடு இறங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள், ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கலாம். வலை அடைபட்டால் ஆயில் அழுத்தம் குறையும், பேரிங் தேயும், எஞ்சினே போகும். அதனால் என் வண்டியில் சம்பையும் கழற்ற வேண்டியதாயிற்று. வலையில் சிலிக்கான் இழைகள் ஒட்டியிருந்தன. நல்ல வேளை, இன்னும் அடைக்கவில்லை.

போல்ட்டுகளின் நிலை வேறு. வால்வு கவர் போல்ட்டுகளுக்கு மிகக் குறைந்த இறுக்கமே வேண்டும். பல கார்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உண்டு. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் அல்லாமல் சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். கசிவு நிற்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குவோம் என்று நீளக் கைப்பிடி ராட்செட்டால் திருகியிருக்கிறார்கள். அலுமினிய ஹெட்டில் ஒரு போல்ட்டின் மரை மொத்தமாக உருவி வந்துவிட்டது. கவர் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அதுவும் விரிசல் விட்டிருக்கும்.

புதிய மெக்கானிக் செய்ததைப் பார்த்த பிறகு, இந்த வேலைக்கு நேரம் எங்கே செலவாகிறது என்று புரிந்தது. பேக்கிங்கை வைப்பது சில நிமிடம். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, துணியில் பிரேக் கிளீனர் நனைத்து இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைப்பதுதான் வேலையே. சுழலும் உப்புத்தாள் தட்டைப் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அந்தத் தூள் உள்ளே விழுந்து பேரிங்குகளைத் தின்னும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அவர் கழற்றிப் பார்த்தார். அது அடைபட்டிருந்தது. அந்த வாயு வெளியேற வழியில்லாவிட்டால், அதன் அழுத்தம் புதுப் பேக்கிங்கையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். முதல் பட்டறை இதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எஞ்சினைக் கழுவவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கவரைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை நீக்குவது நல்லது, இல்லையென்றால் அது வால்வுகளின் மேல் விழும். கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் துடைத்துச் சுத்தமாக்கி, வண்டியை ஓட்டி, மறுபடி பார்ப்பதே வழி. முறைதான் முக்கியம். எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். கொதிக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில்கள், காற்று உள்ளே போகும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டும். அந்தக் காற்று வாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், நீரில் கரையும் டிகிரீசரை அடித்து, காய விடாமல் பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவான நீரில் அலசிக் காற்றடித்து உலர்த்தினால் போதும். பிரஷர் துப்பாக்கி அங்கே வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும், சூட்டில் தீப்பற்றவும் கூடும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கவனியுங்கள், என் வண்டியைக் கடைசியில்தான் கழுவியிருக்கிறார்கள். பழைய பேக்கிங் கசிந்த தடயம் முழுவதும் அந்தக் கழுவலில் போய்விட்டது. வண்டி பட்டறை வாசலைத் தாண்டும்வரை ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கண்ணில் படாது. இலவசத்தின் நோக்கம் அதுதான் என்பது என் முடிவு.

கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி, வண்டியை விடும்போதே எழுதி வாங்குங்கள். புதிய செட்டின் பாக எண் உள்ள உறையையும், கவரை மூடுவதற்கு முன் எடுத்த ஒரு படத்தையும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. என் இரண்டாவது மெக்கானிக் கேட்காமலே பழையவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

படங்களோடு முதல் பட்டறைக்குப் போனபோது, "அவர்தான் பழைய பேக்கிங்கை மாட்டிவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறார்" என்றார்கள். கழற்றும்போது தொடர்ச்சியாக எடுத்த வீடியோவைக் காட்டியதும் குரல் இறங்கியது. "வண்டியைக் கொண்டு வாருங்கள் சார், இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறோம்" என்றார்கள். மறுத்துவிட்டேன். பேக்கிங் செட்டுக்கும் சீல்களுக்கும் வாங்கிய தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கூலி, மரையைச் செப்பனிட்ட செலவு, சம்ப் கழற்றிய செலவு ஆகியவற்றை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.