வரி விகிதக் குறைப்பா, முதலீட்டுக் கழிவா?

நிறுவன வரியைக் குறைத்தால் முதலீடு தானாகப் பெருகிவிடும் என்ற வாதத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. விகிதம் 25 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தால், 100 கோடி லாபம் காட்டும் பழைய நிறுவனத்துக்கு 5 கோடி மிச்சம். அதற்காக அது ஒரு புதிய இயந்திரம்கூட வாங்க வேண்டியதில்லை; பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகவே பிரித்துக் கொடுத்துவிடலாம்.

முதலீட்டுக் கழிவு அப்படியல்ல. 10 கோடிக்கு இயந்திரம் வாங்கினால், முழுச் செலவையும் முதல் ஆண்டு லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். 25 சதவீத விகிதத்தில் 2.5 கோடி வரி உடனே குறைகிறது. அதே செலவை 10 ஆண்டுத் தேய்மானமாக, அதாவது ஆண்டுக்கு ஒரு கோடி வீதம், சமமாகப் பிரித்துக் கழித்தால் ஆண்டுக்கு 25 லட்சம் வரிதான் குறையும். வாங்கியவருக்கு மட்டுமே சலுகை என்பதால், அரசு விட்டுக்கொடுக்கும் பணம் வீணாகாமல் முதலீடாக மாற இதுவே நல்ல வழி என்பேன். அமெரிக்காவின் 2017 சட்டம் இரண்டையும் சேர்த்தே செய்தது: விகிதம் 35இலிருந்து 21 ஆனது, இயந்திரங்களுக்கு முழுக் கழிவும் கிடைத்தது.

ஆனால், எந்த நாட்டில் தொழில் தொடங்குவது என்று பன்னாட்டு நிறுவனங்கள் யோசிக்கும்போது விகிதம்தான் முதலில் கண்ணில் படும். அயர்லாந்தின் 12.5 சதவீதம் அப்படித்தான் பலரை ஈர்த்தது. வேலைவாய்ப்பிலும் கழிவுக்கு ஒரு குறை உண்டு: அது இயந்திரத்தை மலிவாக்குகிறது, ஆளை அல்ல. ஆட்களை நம்பியே நடக்கும் சேவைத் தொழில்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.