அப்பாவோட சாலிடேர் கலர் டிவிக்கு உயிர் கொடுத்த ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக்கடை

80கள் கடைசில அப்பா தவணைல வாங்கின 20 இன்ச் செட்டு, இருபது வருஷமா பரண்ல கிடந்துச்சு. வீட்டுப் பக்கத்து கடை ஒண்ணுல குடுத்தேன், பின்மூடியகூட கழட்டாம நேரா பிளக்க சொருகிட்டாங்க, டப்புனு சத்தம், புகை, அப்புறம் எடைக்குப் போட்ருங்க சார்னு சொல்லிட்டாங்க. மனசே ஆறல எனக்கு.

ஃபிரெண்டு சொல்லித்தான் சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்து சந்துல இருக்கிற இந்த மாடிக்கடைக்குப் போனேன், போர்டுகூட கிடையாது, வயசான ஒரு அண்ணா தனியாளா வேலை பாக்குறாரு. மூடியக் கழட்டினதும் ஸ்க்ரூடிரைவர்ல வயர் கட்டி எர்த் பண்ணி, பிக்சர் டியூப் மேல இருக்கிற ரப்பர் கேப்புக்குள்ள விட்டு டிஸ்சார்ஜ் பண்ணாரு. "இருபத்தஞ்சாயிரம் வோல்ட் ஓடுற இடம் தம்பி, ஆஃப்ல இருந்தாலும் நம்பக் கூடாது"ன்னாரு. முன்னாடி அந்தக் கடைல வெடிச்சது மெயின் ஃபில்டர் கண்டென்சர், அதாவது உள்ள வர்ற கரண்ட்ட சீராக்குற பார்ட். ரொம்ப வருஷம் சும்மா கிடந்தாலே அது உள்ள இருக்கிற ஆக்சைடு படலம் கெட்டுப் போயிருமாம், எடுத்தவுடனே ஃபுல் வோல்டேஜ் குடுத்தா தாங்காதாம். பிக்சர் டியூபுக்கு அந்த ஹை வோல்டேஜ் குடுக்கிற ஈஹெச்டி டிரான்ஸ்ஃபார்மரோட கால்களைச் சுத்தி மோதிரம் மாதிரி விரிசல், டிரை சோல்டர்னு சொல்ற விட்டுப்போன பத்தவைப்பு, லென்ஸ குடுத்து என்னையே பாக்கச் சொன்னாரு.

எல்லாத்தையும் மாத்திட்டும் நேரா ஆன் பண்ணல, டிவிக்குப் போற கரண்ட் பல்ப் வழியா மட்டும் போற மாதிரி 100 வாட் குண்டு பல்ப சீரீஸ்ல போட்டாரு, பல்ப் பளிச்சுனு எரிஞ்சு அப்படியே மங்குச்சு, ஷார்ட் இல்லன்னு அர்த்தம். இந்த நிதானத்துக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன். ஸ்கிரீன் மூலைல பச்சைத் திட்டு இருந்துச்சு, டியூப்ல ஏறின காந்தத்த எடுக்கிற டிகாஸிங் காயில் ஒண்ண ஸ்கிரீன் முன்னாடி வட்டமா சுத்திக்கிட்டே மெதுவா பின்னாடி நகர்ந்து வந்தாரு, திட்டு போயிருச்சு. சிவப்பு மட்டும் கொஞ்சம் டல், அத கூடுதல் வோல்டேஜ் குடுத்து பூஸ்ட் பண்ணப் போய் டியூபே போயிட்டா வேற டியூபுக்கு எங்க போறதுன்னு கை வைக்க மாட்டேன்னுட்டாரு, அது சரியான முடிவுன்னுதான் எனக்கும் தோணுது.

இந்த செட்டுல ஏவி, அதாவது படம், சத்தத்துக்குத் தனி ஒயர் சொருகுற இடம் கிடையாது, அதனால செட்டாப் பாக்ஸ் சிக்னல ஆன்டெனா சிக்னலா மாத்தித் தர்ற ஆர்எஃப் மாடுலேட்டர் வேணும். நான் வாங்கினதுல படம் வந்துச்சு, சத்தம் வரல, வெறும் இரைச்சல். நம்ம ஊர் செட்டுக்கு சவுண்ட் சிக்னல், பட சிக்னல்ல இருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கணும், நான் வாங்கினது 6.5. வாங்குறவங்க இத கேட்டு வாங்குங்க.

மொத்தம் 3,800 ரூபா, அஞ்சு வாரம். குறைன்னு சொல்லணும்னா, அண்ணா போன் எடுக்கவே மாட்டாரு, நேர்லதான் போகணும், பில்லும் துண்டுச் சீட்டுதான். ஆனா வீட்ல ஆன் பண்ணப்ப அம்மா புறங்கைய ஸ்கிரீன் கிட்ட கொண்டுபோயி, சடசடன்னு முடி எழும்புறத பாத்துட்டு அப்படியே நின்னாங்க, அதுக்காக இன்னொரு தடவகூட அலைவேன்.

கடைக்கு லிஃப்ட் கிடையாது, படியும் குறுகல். டிவியோட வெயிட்டெல்லாம் முன்னாடி கண்ணாடிப் பக்கம்தான், அதனால ஸ்கிரீன நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க, தனியா தூக்காதீங்க.