ஆக்ஸிஜன் சென்சார் மாற்றிய பிறகு: எண்ணூர் ரோட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார்

எஞ்சின் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார். அது ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்பார்கள். சென்னை எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலேயே ஊரும் வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. மீட்டர் மெதுவாக ஏறும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். என்னுடையது பி.எஸ்.4 (முந்தைய புகை விதிப்படி வந்த) ஹாட்ச்பேக். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அதில் இரண்டு சென்சார். 90,000 தாண்டியதும், 2023 கோடையில், முன் சென்சாரை மாற்றினேன்.

அறிகுறிகள் லைட்டுக்கு முன்பே வந்துவிட்டன. மைலேஜ் 14-லிருந்து 11-க்கு இறங்கியது. சைலன்சர் முனையில் விரல் வைத்தால் கரி. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு போன தடவையைவிட ஏறியிருந்தது. செக் எஞ்சின் லைட் எரிந்தது அதற்கப்புறம்தான். ஸ்கேன் போட்டால் பி0133 என்ற பிழைக் கோடு (code), அதாவது முன் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு சென்சாரையும் மாற்றி, கூடவே கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோடு வந்தாலே சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சைலன்சர் பேக்கிங்கில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், நல்ல சென்சாரும் தப்பாகக் காட்டும். அதனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் லேசாக அடைத்து, எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்ட் பக்கம் காது கொடுத்தேன். டிக் டிக் சத்தம் எதுவும் இல்லை. அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, போனில் கிராஃப் பார்த்தேன். எஞ்சின் சூடான பிறகு முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சடசடவென்று ஏறி இறங்க வேண்டும். என்னுடையது சோம்பலாக நகர்ந்தது, பாதி நேரம் கீழேயே கிடந்தது, அதாவது பெட்ரோல் குறைவு என்றே காட்டியது.

தீர்ப்பு சொன்னது ஃப்யூவல் ட்ரிம்தான், அதாவது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. நீண்டகால ட்ரிம் ப்ளஸ் 12 சதவீதம். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் சைலன்சரில் கரி, புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் உண்மையிலேயே குறைவாக இருந்தால் இந்த இரண்டும் வராது. எஞ்சினுக்குள் கணக்கில் வராத காற்று புகும் வேக்குவம் லீக் என்றால், வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் ட்ரிம் அதிகமாக இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் குறையும். இங்கே இரண்டிலும் ஒரே அளவு. பொய் சொல்வது சென்சார்தான்.

பொருளை உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் வாங்கினேன், ஏறக்குறைய 3,000 ரூபாய். ஒயரை வெட்டி ஒட்டுகிற யுனிவர்சல் சென்சார் இன்னும் மலிவு, ஆனால் கடல் காற்றடிக்கும் நம் பக்கத்துக்கு அது வேண்டாம். ஜாயிண்டில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன, சால்டர் வைத்தால் அந்த வழியும் அடைபடும். புதுப்பேட்டையில் கழற்றிய சென்சாரும் கிடைக்கும். கதவு, கண்ணாடிக்கு நானும் அங்கே போகிறவன்தான், ஆனால் தேய்ந்துபோகிற பொருளைப் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை.

வேலையைச் செய்தவர் வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன். "நல்லா சூடா இருந்தா கை போவும், சுத்தமா ஆறினா மறை போவும் சார்" என்று எஞ்சின் வெதுவெதுப்பாகும்வரை டீ குடித்தார். துரு விடும் ஆயிலை முன்பே அடித்து வைத்திருந்தோம். ஒயருக்கு இடம் விட்ட 22 நம்பர் சாக்கெட் போட்டதும் கழன்றது. புதியதின் மறையில் கம்பெனியே பேஸ்ட் தடவியிருந்தது. அது நுனியில் படக் கூடாது, சிலிக்கோன் சீலன்ட் பக்கத்திலேயே வரக் கூடாது.

மைலேஜ் மெல்ல 13.5-க்கு வந்தது, ட்ரிம் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கியது. அடுத்த புகைச் சோதனையிலும் அளவு இறங்கியது. பழைய 14 வரவில்லை, அதற்கு நான் சென்சாரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் நின்ற தண்ணீர் வண்டியின் அடிப்பாகத்தைத் தொட்டது. சில மாதம் கழித்து பி0141 கோடு, பின் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரில் கோளாறு. மல்ட்டிமீட்டரில் ஹீட்டர் சில ஓம்கள் காட்டியது, சரிதான். ஒயர் இணையும் கப்ளரைப் பிரித்தால் பின்கள் எல்லாம் பச்சை. கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுரண்டியதும் கோடு போனது. புது சென்சார் வாங்கியிருந்தாலும் அந்தக் கப்ளரில்தான் செருகியிருப்பார்கள்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் எல்லா பங்கிலும் வந்த பிறகு ட்ரிம் மறுபடி ப்ளஸ் பக்கம் ஏறியிருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றத்தான் வேண்டும். கிராஃபில் சென்சார் இன்னும் சுறுசுறுப்பாகவே ஆடுகிறது, அதனால் அதைத் தொடவில்லை. பின் சென்சார் வண்டியோடு வந்த பழசு. அதன் முக்கிய வேலை கன்வர்ட்டரைக் கண்காணிப்பது, மைலேஜை அது பெரிதாகத் தின்பதில்லை. மழைக்கு முன் கப்ளரை மட்டும் ஒருமுறை பிரித்துத் துடைத்து, ஈரம் புகாமல் தடுக்கும் டை-எலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடுகிறேன்.