ஐந்து வார லீவும் ஒரு கடைவாய்ப் பல்லும்

டொராண்டோவில் டிக்கெட் போடும்போதே முடிவு செய்துவிட்டேன்: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர், வடசென்னையில்தான், ஆனால் வாய்க்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான். மூன்று வருடம் முன்பு, நகரின் வேறொரு பக்கத்தில், மேல் வரிசையில் அவசரமாக ஒன்று போட்டுக்கொண்டேன். எந்தக் கம்பெனி, என்ன அளவு, எதுவும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் அதன் ஸ்குரூ தளர்ந்து பல் ஆடியது. டொராண்டோ டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எது என்றே தெரியாமல் எந்த டிரைவரைப் போட்டுத் திருகுவது என்று கேட்டார். இரண்டு மாதம் ஒரு பக்கமாகவே மென்றேன்.

அண்ணன் வீடு தண்டையார்பேட்டை. அங்கிருந்து மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திருவொற்றியூர் தேரடி; அதற்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் அந்த கிளினிக். அண்ணனும் கூட வந்தார். முப்பது வருடமாக மேஸ்திரி வேலை, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்து முடித்ததும், மேஜை டிராயரைத் திறந்து இரண்டு மாதிரி இம்ப்ளாண்டுகளை டிஷ்யூ மேல் வைத்தார். ஒன்று எவர்சில்வர் ஸ்பூன் போலப் பளபளத்தது. இன்னொன்று, கழுத்துப் பகுதி தவிர, சிலேட்டு மாதிரி மங்கலான சாம்பல் நிறம். "இது லேத்துல கடைஞ்சு அப்படியே விட்டது, பழைய மாதிரி. இது மணல் அடிச்சு ஆசிட்ல போட்டு எடுத்தது" என்றார்.

அந்தப் பளபளப்பானதில்தான் கதையே ஆரம்பித்தது. இம்ப்ளாண்ட் செய்யும் டைட்டானியம் உலோகத்தை எலும்பு விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதை 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரேன்மார்க் முயல் எலும்பில் கவனித்தார். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். வட அமெரிக்கப் பல் மருத்துவர்கள் அதை ஏற்கத் தொடங்கியது 1982-இல், நான் இருக்கும் அதே டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு. அந்தக் கடைசல் இம்ப்ளாண்டுகளுக்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருப்பார்கள். அவ்வளவு நாள் யாருக்கு லீவு கிடைக்கும்?

அண்ணன் சாம்பல் நிறத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பழைய சுவத்துல கொத்து போடாம பூசினா நிக்குமா? அதானே இது?"

"பாதி அதேதான் சார். மீதி ரத்தம்" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். துளையில் இம்ப்ளாண்ட் இறங்கியதும் முதலில் அதைத் தொடுவது ரத்தம். அது உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழைகள் சொரசொரப்பான பரப்பை நன்றாகப் பற்றிக்கொள்ளும். எலும்பை உருவாக்கும் செல்கள் அந்த இழைகளைப் பிடித்து நகர்ந்து இம்ப்ளாண்ட் வரை வந்து, அதன் மேலேயே புது எலும்பை வைக்கத் தொடங்கும். வழவழப்பான பரப்பில் இழைகள் விட்டுப்போகும். அப்போது எலும்பு துளையின் சுவரிலிருந்துதான் மெதுவாக இம்ப்ளாண்டை நோக்கி வளர வேண்டும். ஒன்றில் இரண்டு பக்கமிருந்தும் வேலை, மற்றதில் ஒரே பக்கம். மாதக் கணக்கு வாரக் கணக்காகக் குறைந்தது இதனால்தான்.

சரி, சொரசொரப்பு கூடக்கூட நல்லதா? இல்லை. சராசரி ஏற்ற இறக்கம் 1 முதல் 2 மைக்ரானுக்குள் இருப்பதையே எலும்பு நன்றாக ஏற்கிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு நுணுக்கமான கொத்து என்று பாருங்கள். அதற்கு மேல் போனால், ஈறு இறங்கி அந்தப் பரப்பு வெளியே தெரியும் நாளில் கிருமிகள் குடியேற வசதியாகிவிடும்.

மேலே பூச்சு பூசிய வகையும் உண்டு. எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட்டைப் பிளாஸ்மா என்ற கடும் வெப்ப வாயுவில் (ரத்தப் பிளாஸ்மா அல்ல) உருக்கித் தெளிப்பார்கள். எலும்பு அதோடு சீக்கிரம் சேரும், ஆனால் அந்தத் தடித்த பூச்சு சிலருக்கு டைட்டானியத்திலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. அதனால் பல் வைத்தியத்தில் அது பெரும்பாலும் பின்னால் போய்விட்டது. செயற்கை இடுப்பு மூட்டின் தண்டுகளில் இன்றும் இருக்கிறது. காசிமேட்டு உப்புக்காற்றில் பொருக்குப் பொருக்காக உதிரும் சுவர்களைப் பார்த்தே பழகிய அண்ணனுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

எனக்கு டாக்டரம்மா சொன்னது அதே மணல்-ஆசிட் பரப்பில் இன்னொரு வகை, காற்றுப் படாமல் உப்புநீரில் அடைத்து வருவது. சாதாரண வகைக்கு நல்ல எலும்பில் சுமார் ஆறு வாரம், இதற்கு மூன்று நாலு வாரம். 15,000 ரூபாய் கூடுதல். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் போட்டுவிட்டு அடுத்த பயணத்தில்தான் பல் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்புக்காகவே அவரை நம்பினேன்.

துளை போடும்போது நர்ஸ் குளிர்ந்த சலைனை விட்டுக்கொண்டே இருந்தார்; 47 டிகிரி வெப்பம் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாழாகும். பிறகு கண்ணாடிக் குப்பியை உடைத்து, இம்ப்ளாண்டை என் ரத்தத்தில் லேசாகத் தொட வைத்துக் கண்ணாடியில் காட்டினார்கள். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ரத்தம் மரைகளில் தானாக மேலே ஏறியது.

அன்று ஐ.எஸ்.க்யூ. என்ற பிடிப்பு அளவு 70. மூன்றாம் வாரம் 66. பதறிவிட்டேன். பழைய எலும்பின் இறுக்கம் தளர்ந்து புது எலும்பு பிடிப்பதற்கு இடைப்பட்ட இறக்கம் அது, இப்போதுதான் அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்றார் டாக்டரம்மா. அண்ணி வறுத்த கடம்பாவை மற்றவர்கள் சாப்பிட, நான் ரசம் சாதத்தோடு எழுந்தேன். 31-ஆம் நாள் 74. அப்புறம்தான் பல்லுக்கு அளவெடுத்தார்கள். விமானத்துக்கு முந்தைய நாள் மாட்டினார்கள். ஆடிக்கொண்டிருந்த பழைய பல்லையும் பல டிரைவர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து முடுக்கிவிட்டார்கள்.

கம்பெனி, அளவு, லாட் நம்பர் எல்லாம் உள்ள ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். தேரடி ஸ்டேஷன் படியேறும் முன்பே அதை போட்டோ எடுத்து டொராண்டோ டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.