கடல் எல்லை: ஒப்பந்தமா, நடுவர் மன்றமா?

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் பல நாட்டு ராணுவ அதிகாரிகள் படிக்கிறார்கள். ஊட்டி, கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் நாடுகள் கடல் எல்லையைப் பிரித்துக்கொள்ளும் இந்தப் பாடத்தைத் தொடாமல் போவதில்லை. அவர்களுக்காக இது.

இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் பேசியே எல்லைக்கோடு வரைந்தன. நீதிபதி இல்லை, வழக்குச் செலவும் இல்லை. ஆனால் கச்சத்தீவுக்கு நம் மீனவர் போய்வரலாம் என்ற 1974 ஒப்பந்தம் மீன்பிடி உரிமையைத் தெளிவாக எழுதவில்லை. அந்த ஓட்டையின் விலையை இன்றும் ராமேசுவரம் மீனவர்கள் கொடுக்கிறார்கள்.

வங்கதேசம் வேறு வழியில் போனது. 2009இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின்படி, அதாவது நடுவர் மன்றம் வழியாக, இந்தியாமீது வழக்குத் தொடுத்தது. நடுவர்கள் ஐவர்: தரப்புக்கு ஒருவர், மற்ற மூவரை இரு தரப்பும் ஒப்பி நியமிக்கும், ஒப்பாவிட்டால் ஹாம்பர்க் கடல் சட்டத் தீர்ப்பாயத் தலைவர் நியமிப்பார். மன்றம் எல்லை வரைந்த முறை இது: முதலில் இரு கரைக்கும் சமதூரக் கோடு; பிறகு கரையின் வளைவுக்கேற்பத் திருத்தம்; கடைசியில், பங்கீடு கரை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை. 2014 தீர்ப்பில், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு. இந்தியா ஏற்றுக்கொண்டது, அது பெருமைக்குரியது.

சிறிய நாட்டுக்கு நடுவர் மன்றமே பாதுகாப்பு என்பது என் கருத்து. ஆனால் அதே உடன்படிக்கையின் 298ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு எல்லை வழக்குகளிலிருந்து விலக்கு அறிவித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிவித்திருந்தால் அந்தக் கதவு திறக்காது, பேச்சும் கட்டுப்படுத்தாத சமரசக் குழுவும்தான் வழி.