நவம்பர் 9-ஆ, அக்டோபர் 3-ஆ?

ஜெர்மனியின் தேசிய நாளாக இருப்பது அக்டோபர் 3. ஆனால் நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவர் திறந்தது நவம்பர் 9-இல்.

1989-இல் அன்று மாலை, கிழக்கு பெர்லினில் செய்தியாளர் கூட்டம். ஆளுங்கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி மக்கள் மேற்கே போக வழிவிடும் புதிய பயண விதிகளைப் படித்தார். எப்போது முதல் அமல் என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டினார், தடுமாறினார், தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மறுநாள் வெளியாக வேண்டிய செய்தி அது! நள்ளிரவுக்குள் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் தடுப்பு உயர்ந்தது. கூட்டம் மேற்கே பாய்ந்தது.

இதைவிடக் கொண்டாட வேறென்ன வேண்டும்? சிக்கல் அந்தத் தேதியில்தான். 1918-இல் அதே நாளில் முடியாட்சி சரிந்து குடியரசு பிறந்தது (ஒரே நாளில் இருமுறை அறிவித்தார்கள்: முதலில் சமூக ஜனநாயகவாதி ஷைடமான், பிறகு தீவிர இடதுசாரி லீப்க்னெக்ட்). 1923-இல் மியூனிக்கில் ஹிட்லரின் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. 1938-இல் யூத வழிபாட்டு இல்லங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அந்த நினைவின் மேல் வாணவேடிக்கை விடுவது எப்படி?

அக்டோபர் 3-க்கு அப்படிப் பழைய கறை எதுவும் இல்லை, சுவையும் இல்லை. 1990-இல் இரு ஜெர்மனிகளும் சட்டப்படி ஒன்றான நாள், அவ்வளவுதான். விடுமுறைக்கு அதுவே சரி என்பேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரே ஒரு நாள்தான் என்றால், தயங்காமல் நவம்பர் 9-ஐ எடுப்பேன்.

இன்னொன்று: அக்டோபர் 7 வந்திருந்தால் கிழக்கு ஜெர்மனிக்கு 41 வயது நிறைந்திருக்கும். நான்கு நாள் முன்பே அந்த நாடு இல்லாமல் போனது.